வோல்ட் கூடினால் ஆம்பியர் கூடுமா, குறையுமா?

கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இது: மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டமும் கூடும் என்று ஓம் விதி சொல்கிறது. ஆனால் மின்சாரத்தை வெகுதூரம் கொண்டுசெல்லும்போது மின்னோட்டத்தைக் குறைப்பதற்காகவே மின்னழுத்தத்தைக் கூட்டுகிறார்கள் என்று அதே பாடப்புத்தகம் வேறோர் அத்தியாயத்தில் சொல்கிறது. போதாக்குறைக்கு, லோ வோல்டேஜில் மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துக் காயில் கருகிவிடும் என்று காயில் கட்டுபவர் எச்சரிக்கிறார். மூன்றில் எதை நம்புவது?

மூன்றும் உண்மையே. ஓம் விதியை எழுதும்போது நாம் விட்டுவிடும் ஒரு நிபந்தனையால்தான் அவை ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தெரிகின்றன. மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை என்னும் சமன்பாட்டில் வரும் மூன்று அளவுகளும் மின்சுற்றின் ஒரே பகுதிக்கு உரியவையாக இருக்க வேண்டும். ஒரு பகுதியின் மின்னழுத்தத்தை எடுத்து இன்னொரு பகுதியின் மின்தடையால் வகுத்தால், கிடைக்கும் எண் எந்தக் கம்பியிலும் ஓடாத மின்னோட்டத்தைத்தான் குறிக்கும். மாணவர்களுக்கு வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன என்பதால், இதைச் சற்று விரிவாகவே விளக்குகிறேன்.

முதலில் மூன்று அளவுகளின் இயல்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மின்னழுத்தம் என்பது எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. ஒரு கூலூம் மின்னூட்டம் ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்குப் போகும்போது எத்தனை ஜூல் ஆற்றலைக் கைமாற்றுகிறதோ, அத்தனை வோல்ட் அவ்விரு புள்ளிகளுக்கும் இடையில் இருக்கிறது. ஆகவே, ‘இந்தக் கம்பியில் 230 வோல்ட் இருக்கிறது’ என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், எந்தப் புள்ளியோடு ஒப்பிட்டு 230 என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கூற்று முழுமை பெறும். மின்னோட்டம் அப்படியல்ல, அது ஓரிடத்தைக் கடந்து செல்வது. ஒரு நொடியில் ஒரு கூலூம், அதாவது ஏறத்தாழ 6.24 × 10^18 எலக்ட்ரான்கள், கம்பியின் ஒரு குறுக்குவெட்டைக் கடந்தால் அது ஓர் ஆம்பியர். மின்தடையோ ஒரு பொருளின் உடைமை: அது எதனால் ஆனது, எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன், எவ்வளவு சூடு என்பவற்றால் அது அமைகிறது. கம்பியின் நீளம் இரட்டித்தால் மின்தடை இரட்டிக்கும். குறுக்குப் பரப்பு இரட்டித்தால் பாதியாகும். ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பும் உள்ள செப்புக் கம்பியின் மின்தடை, 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 0.017 ஓம். அலுமினியத்துக்கு இது கிட்டத்தட்ட 1.6 மடங்கு.

இவற்றைத் தண்ணீர்த் தொட்டி, குழாய், நீரோட்டம் என்று உவமித்துச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். தொடக்கத்துக்கு அது உதவும்; ஆனால் அதிலேயே தங்கிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குழாயை அறுத்தால் தண்ணீர் கொட்டும். கம்பியை அறுத்தால் மின்னோட்டம் நின்றுவிடும், ஆனால் அறுந்த இரு முனைகளுக்கு இடையில் முழு மின்னழுத்தமும் காத்துக்கொண்டிருக்கும். மேலும், 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 10 ஆம்பியர் நேர்த்திசை மின்னோட்டம் பாயும்போது எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் நொடிக்கு 0.3 மில்லிமீட்டர்தான், ஒரு மீட்டரைக் கடக்க அவற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு அருகில் ஆகும். சுவிட்சைப் போட்டவுடன் விளக்கு எரிவதற்குக் காரணம், கம்பி முழுவதும் மின்புலம் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் பரவி, எங்குமுள்ள எலக்ட்ரான்களை ஏறத்தாழ ஒரே சமயத்தில் நகர்த்துவதே.

இப்போது முதல் முரண்பாட்டுக்கு வருவோம். ஓரிடத்திலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள சிற்றூருக்கு 46 கிலோவாட் திறனை இரண்டு கம்பிகள் வழியாக அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். போகவும் வரவும் சேர்த்து அந்தக் கம்பிகளின் மொத்த மின்தடை 2 ஓம். இதை 230 வோல்ட்டில் அனுப்ப நினைத்தால், திறனை மின்னழுத்தத்தால் வகுத்து 200 ஆம்பியர் என்று கணக்கிடுவோம். ஆனால் 200 ஆம்பியர் 2 ஓம் கம்பியில் பாய வேண்டுமானால் கம்பிக்கே 400 வோல்ட் தேவைப்படுகிறது. நம்மிடம் இருப்பதே 230தான். எனவே இது இழப்பு அதிகமான வழி என்று சொல்வதுகூடத் தவறு. நடக்கவே முடியாத வழி. உண்மையில், 230 வோல்ட் மூலத்திலிருந்து 2 ஓம் கம்பி வழியாக மறுமுனைக்குப் போய்ச் சேரக்கூடிய உச்சத் திறனே ஏறத்தாழ 6.6 கிலோவாட்தான், அப்போதும் அதே அளவு திறன் கம்பியைச் சூடாக்குவதில் வீணாகும்.

அதே 46 கிலோவாட்டை 11,000 வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்பினால் தேவைப்படும் மின்னோட்டம் 4.2 ஆம்பியர் அளவே. கம்பியில் இழக்கும் மின்னழுத்தம் 8.4 வோல்ட்; வீணாகும் திறன் சுமார் 35 வாட், அதாவது ஒரு மேசை விளக்குக்கு ஆகும் அளவு. இங்கேதான் கேள்வி எழுகிறது: 11,000 வோல்ட்டை 2 ஓமால் வகுத்தால் 5,500 ஆம்பியர் அல்லவா வர வேண்டும்? வராது. ஏனென்றால் 11,000 வோல்ட் இருப்பது ஒரு கம்பிக்கும் மற்றொரு கம்பிக்கும் இடையில். 2 ஓம் என்பதோ கம்பியின் நெடுகிலும் உள்ள மின்தடை. அந்த நெடுகலுக்கு உரிய மின்னழுத்தம், அனுப்பும் முனைக்கும் பெறும் முனைக்கும் இடையில் ஏற்படும் 8.4 வோல்ட். 8.4 வோல்ட்டை 2 ஓமால் வகுத்துப் பாருங்கள், 4.2 ஆம்பியர் சரியாக வரும். ஓம் விதி எங்கும் மீறப்படவில்லை. 11,000 வோல்ட்டை எதிர்கொண்டு நிற்பது மறுமுனையிலுள்ள டிரான்ஸ்பார்மரும் அதன் பின்னாலுள்ள ஊரும் சேர்ந்த சுமை. அது மூலத்தின் கண்ணுக்கு ஏறத்தாழ 2,600 ஓம் மின்தடையாகத் தெரிகிறது. டிரான்ஸ்பார்மர் செய்யும் வேலையே, ஊரிலுள்ள சிறிய மின்தடையை அனுப்பும் பக்கத்துக்குப் பெரிய மின்தடையாகக் காட்டுவதுதான். (மும்முனை மின்சாரமும் திறன் காரணியும் இந்தக் கணக்கில் இல்லை, அவற்றைச் சேர்த்தால் எண்கள் மாறும், காரணம் மாறாது.)

இதன் மிகப் பெரிய வடிவத்தைச் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழகத்தின் புகளூருக்கு வரும் நேர்த்திசை மின்பாதையில் காணலாம். நிலத்தோடு ஒப்பிட்டால் ஒரு கம்பித்தொகுதி +800 கிலோவோல்ட்டிலும் மற்றொன்று −800 கிலோவோல்ட்டிலும் இருக்கும். இடைவெளி 16 லட்சம் வோல்ட். அது சுமக்க வடிவமைக்கப்பட்ட திறன் 6,000 மெகாவாட். மின்னோட்டம் 3,750 ஆம்பியர். இதே திறனை நம் வீட்டு 230 வோல்ட்டில் கொண்டுவர வேண்டுமானால் 2 கோடியே 60 லட்சம் ஆம்பியர் தேவைப்படும். அதைத் தாங்கும் கம்பியைக் கற்பனை செய்வதே கடினம்.

மின்கம்பியில் உட்காரும் பறவைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்பதற்கும் இதே நிபந்தனைதான் விடை. பறவையின் இரு கால்களுக்கு இடையில் இருப்பது ஐந்து சென்டிமீட்டர் கம்பி. கிலோமீட்டருக்கு 0.3 ஓம் உள்ள கம்பியில் 100 ஆம்பியர் பாய்ந்தாலும் அந்த ஐந்து சென்டிமீட்டருக்கு உரிய மின்னழுத்தம் 1.5 மில்லிவோல்ட்தான். பறவையின் இறக்கை பக்கத்துக் கம்பியையோ கோபுரத்தையோ தொட்டுவிட்டால் கதை வேறு. அப்போது முழு மின்னழுத்தமும் அதன் உடலுக்கு உரியதாகிவிடுகிறது.

இந்த விதியைக் கண்டவர் இந்த நிபந்தனையை எவ்வளவு கவனமாகக் கையாண்டார் என்பதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. ஜெர்மனியின் எர்லாங்கனில் 1789இல் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த கியார்க் சைமன் ஓம், கொலோன் நகரத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது இந்தச் சோதனைகளைச் செய்தார். அன்றைய வோல்டா மின்கலங்கள் சுற்றை இணைத்த சிறிது நேரத்திலேயே தளர்ந்துவிடும். மூலமே ஆடிக்கொண்டிருந்தால் கம்பியின் விளைவை எப்படி அளப்பது? 1825இல் அவற்றைக் கொண்டு அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் சரியாக அமையவில்லை. பிறகு இயற்பியலாளர் பொகண்டார்ஃபின் ஆலோசனைப்படி, சீபெக் கண்டறிந்த வெப்பமின் இரட்டைக்கு, அதாவது இரு உலோகச் சந்திகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்புக்கு, மாறினார். பிஸ்மத்தும் செம்பும் இணைந்த இரு சந்திகளில் ஒன்றைக் கொதிக்கும் நீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநிலையும் உறைநிலையும் மாறாதவை. ஆகவே மின்னியக்கு விசையும், அதாவது மூலம் தரும் மின்னழுத்தமும், மாறாது நின்றது. நூலில் தொங்கவிட்ட காந்த ஊசியின் திருகலைக் கொண்டு மின்னோட்டத்தை அளந்தார். ஒரே தடிமனும் வெவ்வேறு நீளமும் கொண்ட எட்டுச் செப்புக் கம்பிகளை மாற்றி மாற்றிப் பொருத்தினார்.

1826இல் அவருக்குக் கிடைத்த சூத்திரம் இன்று பள்ளியில் எழுதும் வடிவில் இல்லை. சோதனைக் கம்பியின் நீளத்தோடு ஒரு நிலையான எண்ணைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் இன்னொரு நிலையான எண்ணை வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் என்பதே அது. கூட்டப்படும் அந்த எண், கம்பியைத் தவிர்த்த மீதிச் சுற்றின் மின்தடை. வகுபடும் எண், மூலத்தின் மின்னியக்கு விசை. அதாவது, மூலத்துக்கும் அதன் உள்ளேயே ஒரு மின்தடை, அதாவது அகமின்தடை, உண்டு, அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது விதியின் முதல் வடிவத்திலேயே அடங்கியிருந்தது. 1827இல் பெர்லினில் வெளியான அவருடைய நூலுக்குத் தாய்நாட்டில் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் காப்லி பதக்கம் அளித்த பிறகே நிலைமை மாறியது. பாடப்புத்தகங்கள் அகமின்தடையைப் பிற்பகுதிக்குத் தள்ளிவிட்டு, எளிய வடிவத்தை மட்டும் முதலில் நிறுத்துவது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் நடைமுறையில் சிக்கல் வருவதெல்லாம் அந்தத் தள்ளப்பட்ட பகுதியில்தான்.

ஓர் எடுத்துக்காட்டு: கார் பேட்டரியும் 12 வோல்ட், ரிமோட்டில் போடும் 1.5 வோல்ட் செல்கள் எட்டைத் தொடராக இணைத்தாலும் 12 வோல்ட். மல்டிமீட்டரில் இரண்டும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டும். ஆனால் எட்டுச் செல்களால் காரின் ஸ்டார்ட்டரைத் துளியும் அசைக்க முடியாது. ஒவ்வொரு செல்லின் அகமின்தடை 0.2 ஓம் என்று கொண்டால் எட்டுக்கும் 1.6 ஓம், இரு முனைகளையும் நேரடியாக இணைத்தாலும் 7.5 ஆம்பியருக்கு மேல் வராது. கார் பேட்டரியின் அகமின்தடையோ ஓமில் நூறில் ஒரு பங்கு அளவு என்பதால், ஸ்டார்ட்டருக்குத் தேவையான நூற்றுக்கணக்கான ஆம்பியரை அது தந்துவிடும். மின்னோட்டத்தை மூலம் மட்டுமோ சுமை மட்டுமோ தீர்மானிப்பதில்லை. முழுச் சுற்றும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இனி, வோல்டேஜ் குறைந்தால் என்ன ஆகும் என்னும் இரண்டாவது முரண்பாடு. இதற்கு விடை, சுமை எத்தகையது என்பதைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 2,000 வாட் எடுக்கும் தண்ணீர் ஹீட்டரின் மின்தடை ஏறத்தாழ 26.5 ஓம், மின்னோட்டம் 8.7 ஆம்பியர். வோல்டேஜ் 180க்கு இறங்கினால் மின்னோட்டம் 6.8 ஆம்பியராகவும் திறன் 1,225 வாட்டாகவும் குறையும். மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமாகக் குறைந்தாலும், திறன் ஐந்தில் இரண்டு பங்களவு குறைந்துவிடுகிறது, ஏனென்றால் மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டுமே ஒன்றாக இறங்குகின்றன. தண்ணீர் சூடாகத் தாமதமாகும், அவ்வளவே. ஹீட்டருக்கு இதனால் தீங்கு ஒன்றும் இல்லை.

பழைய 60 வாட் குண்டு பல்பு இவ்வளவு ஒழுங்கானதல்ல. எரியும்போது அதன் மின்தடை 880 ஓம் அளவு. குளிர்ந்த நிலையில் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே காட்டும், ஏனென்றால் டங்ஸ்டன் இழை வெள்ளொளி தரும் வெப்பத்துக்கு ஏறும்போது மின்தடை பன்மடங்கு உயர்கிறது. பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும் கணத்தில் உயிர்விட்டதற்குக் காரணம், குளிர்ந்த இழையில் அந்த நொடிப்பொழுது பாயும் மிகையான மின்னோட்டம்.

எல்இடியில் மின்தடையென்று ஒரு நிலையான எண்ணையே சொல்ல முடியாது. வெள்ளை எல்இடி ஏறத்தாழ 3 வோல்ட்டை அடைந்த பிறகுதான் ஒழுங்காகக் கடத்தும், அதற்கு மேல் சிறிது கூட்டினாலும் மின்னோட்டம் தாவி ஏறும். ஆகவே அதனோடு தொடராக ஒரு மின்தடையை இணைக்கிறோம். 12 வோல்ட் மூலத்தில் 20 மில்லிஆம்பியர் ஓட வேண்டுமானால் மின்தடை எவ்வளவு என்று கேட்டால், 12ஐ 0.02ஆல் வகுத்து 600 ஓம் என்று எழுதும் மாணவர்கள் பலர். மின்தடைக்கு உரியது 12 வோல்ட் அல்ல, எல்இடி எடுத்தது போக மீதமுள்ள 9 வோல்ட். சரியான விடை 450 ஓம். கடையில் கிடைக்கும் 470 ஓம் போதும்.

மோட்டார் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. புரிந்துகொள்ள எளிதானது நேர்த்திசை மோட்டார் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். 220 வோல்ட் தரப்பட்ட மோட்டாரின் சுருள் மின்தடை 1 ஓம் என்றால் 220 ஆம்பியர் ஓட வேண்டும். ஓடுவதோ 10 ஆம்பியர். சுழலும் சுருள் காந்தப்புலத்தை வெட்டுவதால் அதிலேயே 210 வோல்ட் எதிர்த்திசையில் தூண்டப்படுகிறது. சுருளின் மின்தடைக்கு மிஞ்சுவது 10 வோல்ட்தான். உள்ளே போகும் 2,200 வாட்டில் 100 வாட் வெப்பமாகிறது. மீதி 2,100 வாட் சுழற்சியாக மாறுகிறது. அந்த எதிர் மின்னழுத்தம், மோட்டார் செய்யும் வேலையின் மின்வடிவம். சுழற்சி நின்றால் அதுவும் மறைந்துவிடும். அப்போது 220 ஆம்பியரும் உண்மையாகவே பாய்ந்து சுருளை எரிக்கும்.

கிணற்று மோட்டார், மிக்ஸி போன்றவற்றை ஒன்றாகப் பேசக் கூடாது; கிணற்றில் இருப்பது பெரும்பாலும் தூண்டல் மோட்டார். அதன் வேகத்தை முதன்மையாக நிர்ணயிப்பது மின்னழுத்தம் அல்ல, 50 ஹெர்ட்ஸ் என்னும் அதிர்வெண். வோல்டேஜ் ஓரளவு இறங்கினாலும் வேகம் சிறிதளவே குறையும். பம்ப் அதே உயரத்துக்குக் கிட்டத்தட்ட அதே அளவு தண்ணீரைத் தூக்கிக்கொண்டிருக்கும். ஆகவே மோட்டார் தர வேண்டிய திறனும் பெரிதாக மாறாது. ஆனால் வோல்டேஜ் குறைந்ததால் உள்ளேயுள்ள காந்தப்புலம் வலுவிழந்துவிட்டது. வலுவிழந்த புலத்தில் அதே முறுக்குவிசையைப் பெற ஒரே வழி, மோட்டாரின் சுழலும் பகுதியான சுழலி சற்றுப் பின்தங்கி, அதிக மின்னோட்டத்தை வரவழைத்துக்கொள்வது. மின்னோட்டம் கூடுவதற்குக் காரணம் இதுதான். கம்பிச்சுருளின் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 விழுக்காடு கூடினால் வெப்பம் 44 விழுக்காடு கூடும். இன்னும் வோல்டேஜ் விழுந்து, மோட்டாரால் தரக்கூடிய உச்ச முறுக்குவிசையே பம்புக்குப் போதாமல் போனால், அது உறுமிக்கொண்டு நின்றுவிடும். வழக்கமானதைப்போல் பல மடங்கு மின்னோட்டம் பாயும். காயில் கட்டுபவர் சொன்னது இந்த நிலையைத்தான்.

இத்தகைய லோ வோல்டேஜுக்கு வெளியிலிருந்து வரும் மின்சாரம் மட்டுமே காரணம் என்று முடிவுகட்டும் முன், மீட்டர் பெட்டியிலிருந்து மோட்டார் வரையுள்ள கம்பியைக் கணக்கிட்டுப் பாருங்கள். 150 மீட்டர் தொலைவுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போட்டிருந்தால், போக வர 300 மீட்டருக்கு மின்தடை ஏறத்தாழ 2 ஓம். ஒற்றை முனை மோட்டார் 10 ஆம்பியர் எடுத்து ஓடும்போது 20 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். புறப்படும் நேரத்தில் 40 ஆம்பியர் இழுத்தால் 80 வோல்ட் போய், மோட்டாருக்கு 150 வோல்ட்தான் மிஞ்சும். தொடக்க முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். அதே இடத்தில் 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் ஓடும்போது ஏற்படும் இழப்பு 9 வோல்ட்டுக்குள் அடங்கும்.

அளக்கும்போது மோட்டாரை நிறுத்திவிட்டு அதன் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பயனில்லை. மின்னோட்டம் இல்லாதபோது கம்பியில் மின்னழுத்த இழப்பும் இல்லை. கம்பி எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், இணைப்பு எவ்வளவு தளர்ந்திருந்தாலும், மீட்டர் 230 என்றே காட்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டர் பெட்டியில் ஒருமுறையும் மோட்டார் முனையில் ஒருமுறையும் அளந்து, வேறுபாட்டைப் பாருங்கள். அது கம்பியின் கணக்குக்கு ஒத்துப்போனால் கம்பியைத் தடிமனாக்க வேண்டும். கணக்கைவிட அதிகமாக இருந்தால் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது துருவேறியிருக்கிறது. அரை ஓம் தடையுள்ள ஒரு தளர்ந்த இணைப்பில் 10 ஆம்பியர் பாய்ந்தால் ஒரு புளியங்கொட்டை அளவு இடத்தில் 50 வாட் வெப்பம் உண்டாகும், பிளாஸ்டிக் உருகுவதற்கு அது போதும். மின்சாரம் உள்ள முனைகளில் அளப்பது என்பதால் இந்த வேலையைப் பழக்கமுள்ள எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள்: ஈரமான கையோடும் காலோடும் நிற்பவரின் உடல் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும், 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் 230 மில்லிஆம்பியர், உயிரைப் பறிக்க அதில் ஒரு பகுதியே போதும், ஆர்சிசிபி என்னும் உயிர்காக்கும் கசிவுத் துண்டிப்பான் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும்படி அமைக்கப்பட்டிருப்பது அதனால்தான்.